வீட்டுக் குப்பை, தெருக் குப்பை: செட்டிநாட்டுப் பள்ளி மாணவர்கள் ஆய்வுக்கு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கோ பசுமைப் படைக்கோ குப்பையை ஆய்வுப் பொருளாக எடுக்கும் மாணவர்களும் வழிகாட்டி ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்கள் இவை. கேள்விகள் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே இருக்கின்றன. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கத்து ஊர்களை மனத்தில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

குப்பை ஆய்வுன்னா என்ன சார் செய்யணும்? தெருவைக் கூட்டிட்டு போட்டோ எடுத்தா போதாதா?

தெருவைக் கூட்டுவது நல்ல காரியம், ஆனால் அது ஆய்வு ஆகாது. ஆய்வுக்கு ஒரு கேள்வி வேண்டும், அதற்கு அளந்து பதில் சொல்ல வேண்டும். "எங்கள் தெருவில் ஓர் ஆள் ஒரு நாளைக்கு எத்தனை கிராம் குப்பை போடுகிறார், அதில் மக்குவது எவ்வளவு?" என்பது ஒரு கேள்வி. "ஊரணிக்கு மழைநீர் கொண்டுவரும் வரத்துக்காலில் எந்தப் பொருள் அதிகம் கிடக்கிறது?" என்பது இன்னொன்று.

இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதுதான் பெரும்பாலான அறிக்கைகள் சறுக்கும் இடம். வீட்டு வாளியில் விழுவது வேறு, தெருவில் கிடப்பது வேறு. முன்னதில் காய்கறித் தோலும் சோறும்தான் பெரும்பங்கு. தெருவில் கிடக்கும் தோலை ஆடும் மாடும் தின்றுவிடும், மிஞ்சுவது பொட்டலத் தாளும் கப்பும் பாட்டிலும். முன்னதை எடை போட வேண்டும், பின்னதை எண்ண வேண்டும். ஐந்து பேர் குழுவுக்கு ஒரு மாதத்தில் ஒன்றை ஒழுங்காகச் செய்யவே நேரம் சரியாக இருக்கும்.

எத்தனை வீடு எடுக்கணும்? பிரெண்டுங்க வீடா எடுத்துக்கலாமா?

20 முதல் 25 வீடு போதும். நண்பர்கள் வீடாக எடுத்தால் எல்லாமே பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீடாகப் போய்விடும். முதியவர் இருவர் மட்டும் இருக்கும் வீடு விட்டுப்போகும், இங்கே அப்படிப்பட்ட வீடுகள் நிறைய. தெருவின் கதவுகளை வரிசையாக எழுதி, சீட்டுக் குலுக்கி ஓர் எண்ணை எடுத்து, அங்கிருந்து நான்கு வீட்டுக்கு ஒன்றாக எடுங்கள். மறுத்த வீட்டையும் "மறுத்தது" என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எங்க தெருவுல பாதி வீடு பூட்டித்தான் கிடக்கு. அதை எப்படிக் கணக்குல சேக்கிறது?

பூட்டிய வீட்டை வகுத்தலில் சேர்க்கக் கூடாது, ஆனால் பட்டியலில் இருந்து நீக்கவும் கூடாது. "பூட்டியது" என்று எழுதி அடுத்த கதவுக்குப் போங்கள். பெரிய வீட்டின் ஒரு பகுதியில் காவலுக்கு ஒரு குடும்பம் குடியிருந்தால் அது குடியிருக்கும் வீடுதான், அங்கே இருக்கும் ஆட்களை மட்டும் எண்ணுங்கள்.

தெருக் குப்பை ஆய்வில் பூட்டிய வீட்டுக்குப் பெரிய இடம் உண்டு. செட்டிநாட்டு வீடுகளில் பல, ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டு வாசலுமாக நீளும். ஆள் பார்வை இல்லாத பின்சுவர் ஓரத்தில் குப்பை சேரும் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அது உண்மையா என்று சோதிக்கலாம்: ஒரே வீட்டு வரிசையின் முன்தெருவில் 50 மீட்டர், பின்தெருவில் 50 மீட்டர் எண்ணி ஒப்பிடுங்கள். நல்ல ஆய்வுக் கேள்வி, செலவும் இல்லை.

ஒரு நாள் மட்டும் எடை போட்டா என்ன?

தப்பான விடை வரும். ஞாயிற்றுக்கிழமை கறி, மீன் கழிவு ஏறும். வீடு கழுவி ஒதுக்குகிற நாளில் பழைய காகிதமும் துணியும் வெளியே வரும். அதனால் தொடர்ந்து 7 நாள் வேண்டும். முதல் நாளுக்கு முந்தின மாலையே வாளியைக் காலி செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பல நாள் தேங்கியது முதல் நாள் கணக்கில் ஏறிவிடும். பொங்கல், தீபாவளி, பிள்ளையார் நோன்பு, காரைக்குடியானால் மாசி-பங்குனித் திருவிழா, இந்த வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். திருவிழாக் குப்பைதான் உங்கள் ஆய்வு என்றால் அது தனிச் சங்கதி.

என்னென்ன சாமான் வேணும்? நிறைய செலவாகுமா?

தொங்கவிட்டு எடை பார்க்கும் டிஜிட்டல் தராசு ஒன்று, 5 கிலோ வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்று. இரண்டும் வேண்டும். தொங்கு தராசு 200 கிராமுக்குக் கீழே நம்ப முடியாதபடி ஆடும், ஒரு வீட்டின் பிளாஸ்டிக் முழுதும் அதைவிடக் குறைவாக இருக்கும். தினமும் தொடங்கும் முன் ஒரு லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றி எடை போடுங்கள். பாத்திரத்தின் எடை போக 1 கிலோ காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மின்கலத்தை மாற்றுங்கள்.

இவை தவிர 3 மீட்டருக்கு 3 மீட்டர் தார்ப்பாய், 20 லிட்டர் வாளி, வீட்டுக்கு இரண்டு சாக்கு, நீளமான இடுக்கி, தடித்த ரப்பர் கையுறை, மூடிய காலணி, முகக்கவசம், சோப்பு. மெல்லிய மருத்துவக் கையுறை பிளேடுக்கும் கண்ணாடிக்கும் தாங்காது. சாக்கில் கதவு எண்ணையோ பெயரையோ எழுத வேண்டாம். "வீடு 1, வீடு 2" என்று நீங்கள் வைத்த எண் போதும்.

தூய்மைப் பணியாளர் காலையிலேயே வந்து அள்ளிட்டுப் போயிடுறாங்களே?

அவர்களிடம்தான் முதலில் பேச வேண்டும். ஊராட்சியில் தூய்மைக் காவலர், நகரத்தில் தூய்மைப் பணியாளர், அவர்களுக்கு மேலே ஒரு மேற்பார்வையாளர் இருப்பார். எந்த வாரம், எந்த வீடுகள் என்று தலைமையாசிரியர் கடிதத்தோடு சொல்லிவிட்டு, வண்டி வருவதற்கு முன் நீங்கள் சாக்கை எடுங்கள். பிரித்து எடை போட்டதை மக்குவது, மக்காதது என்று தனித்தனியாக அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள். எந்தத் தெருவில் என்ன விழுகிறது என்பது அவர்களுக்கு அத்துப்படி. அவர்களிடம் கேட்காமல் எழுதிய அறிக்கை அரைகுறைதான்.

கொட்டிப் பிரிக்கிறது எப்படி? எத்தனை வகையா பிரிக்கணும்?

சாக்கை முழுதாக எடை போடுங்கள், காலிச் சாக்கின் எடையைக் கழியுங்கள். நிழலில் விரித்த தார்ப்பாயில் மெல்லக் கொட்டி இடுக்கியால் பரப்புங்கள். கையை உள்ளே விட்டுத் துழாவக் கூடாது. முதலில் உடைந்த கண்ணாடி, பிளேடு, ஊசி, மாத்திரை அட்டை, பேட்டரி, பல்பு, டியூப் லைட் ஆகியவற்றை ஆசிரியர் எடுத்துவிட வேண்டும். டியூப் லைட்டிலும் சி.எஃப்.எல் விளக்கிலும் பாதரசம் உண்டு. உடைந்திருந்தால் அந்தச் சாக்கை அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

மிச்சத்தை எட்டு வகையாகப் பிரித்தால் போதும்: சமையல் கழிவு, இலை தழை, காகிதம் அட்டை, மெல்லிய பிளாஸ்டிக் (பை, பால் பாக்கெட், பொட்டலத் தாள்), கெட்டிப் பிளாஸ்டிக் (டப்பா, பாட்டில்), துணி, உலோகமும் கண்ணாடியும், மண்ணும் சாம்பலும். பால் பாக்கெட்டில் தங்கிய பாலையும் பையில் ஒட்டிய சாம்பாரையும் வடித்துவிட்டு எடை போடுங்கள். இல்லாவிட்டால் 3 கிராம் கவர் 30 கிராம் காட்டும். முடிந்ததும் எட்டின் கூட்டும் முதலில் பார்த்த எடையும் 5 விழுக்காட்டுக்குள் ஒத்துப்போக வேண்டும். வெயிலில் வைத்துப் பிரித்தால் ஈரம் காய்ந்து கூட்டு குறைந்துவிடும், நிழல் என்று சொன்னது அதற்கும் சேர்த்துத்தான்.

வாசல் கூட்டின மண்ணு சாக்குல பாதி இருக்கு. அதுவும் குப்பைதானே?

குப்பைதான், ஆனால் தனியாக எழுதுங்கள். செம்மண் ஊரில் பெரிய முற்றமும் வாசலும் உள்ள வீட்டில் கூட்டி அள்ளிய மண் மற்ற எல்லாவற்றையும் எடையில் தூக்கிச் சாப்பிட்டுவிடும். மண்ணோடு ஒரு கூட்டுத்தொகை, மண் இல்லாமல் ஒரு கூட்டுத்தொகை என்று இரண்டையும் கொடுங்கள். வீடுகளை ஒப்பிட மண் இல்லாத கணக்கை எடுங்கள். பழைய வீட்டை இடிக்கும்போது வரும் காரை, உடைந்த ஆத்தங்குடித் தரைக்கல், மரச் சட்டம் இவையெல்லாம் கட்டடக் கழிவு. வீட்டுக் குப்பையில் சேர்க்கவே கூடாது.

"எங்க வீட்டுல குப்பையே கிடையாது அப்பச்சி"ன்னு ஒரு ஆச்சி சொல்றாங்க. நம்புறதா?

பெரும்பாலும் நம்பலாம். கழுநீரும் தோலும் மாட்டுக்கு, செய்தித்தாளும் பாட்டிலும் பழைய பேப்பர்காரருக்கு, தேங்காய்ச் சிரட்டை அடுப்புக்கு, எண்ணெய் டின் அரிசி கொட்டிவைக்க. வாளிக்கு வருவதற்கு முன்பே பாதி போய்விடுகிறது. அதனால் எடையோடு நான்கு கேள்வியும் கேளுங்கள்: கால்நடைக்கு என்ன போகிறது, விற்பது எது, எரிப்பது எது, கொல்லையில் புதைப்பது எது. இதைக் கேட்காவிட்டால் மாடு வளர்க்கும் வீட்டில் குப்பை குறைவு என்ற எண் மட்டும் இருக்கும், காரணம் இருக்காது.

டயாபர், நாப்கின் வந்தா என்ன பண்றது மிஸ்?

பிரிக்கக் கூடாது, திறக்கவும் கூடாது. ஆய்வு தொடங்கும் முன்பே வீட்டாரிடம் தனியாகத் தாளில் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். கட்டிய பொதியை அப்படியே பெரியவர் ஒருவர் எடை போட்டு, "சுகாதாரக் கழிவு" என்று எழுதினால் போதும். திடக்கழிவு மேலாண்மை விதிகளும் இதைச் சுற்றித் தனியாகத் தர வேண்டும் என்றே சொல்கின்றன. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஈரமான டயாபர் எடையைக் கணிசமாக ஏற்றும். வீட்டில் கைக்குழந்தை உண்டா என்று படிவத்தில் ஒரு கட்டம் வையுங்கள்.

ஓர் ஆளுக்கு எவ்வளவுன்னு எப்படிக் கணக்குப் போடுறது? விருந்தாளி வந்தா?

ஆள்-நாள் கணக்குதான் சரி. 22 வீட்டில் 80 பேர், 7 நாள் என்றால் 560 ஆள்-நாள். இரண்டு நாள் வந்து தங்கிய 12 விருந்தாளிக்கு 24-ஐக் கூட்டுங்கள், வாரம் முழுக்க ஊருக்குப் போன இருவருக்கு 14-ஐக் கழியுங்கள், 570. மண் போகக் குப்பை 131.1 கிலோ என்று வைத்துக்கொண்டால், 570-ஆல் வகுக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 230 கிராம். இது கற்பனை எண்தான், முறை மட்டும் பாருங்கள். இந்தியாவில் சிறு நகரங்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது 200 முதல் 300 கிராம். அதில் கடை, சந்தைக் குப்பையும் அடக்கம் என்பதால் வீடு மட்டும் எடுத்த உங்கள் எண் குறைவாக வந்தால் பதற வேண்டாம். 900 கிராம் வந்தால் மண்ணைக் கழித்தீர்களா என்று பாருங்கள்.

சராசரியோடு இடைநிலை அளவையும் (வீடுகளின் எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) எழுதுங்கள். ஆலங்குடிப் பலா ஒன்றை ஒரு வீட்டில் உரித்தால் சக்கையே பல கிலோ. சராசரி எகிறும், இடைநிலை அசையாது.

ஆய்வு நடக்கிற வாரம் ஒரு வீட்டுல கல்யாணம் வந்துடுச்சே?

அந்த வீட்டை அந்த நாள்களுக்கு மட்டும் தினசரிக் கணக்கிலிருந்து நீக்குங்கள். முடிந்தால் கல்யாணத்தைத் தனி ஆய்வாகவே எடுக்கலாம். வருஷத்தில் பாதி நாள் பூட்டியிருந்த வளவு வீட்டில் ஒரே நாளில் பல நூறு இலை விழும் ஊர் இது. சமையல்காரரிடம் பந்திக்கு எத்தனை இலை என்று கேட்டுக்கொண்டு, சாப்பிட்டு மடித்த இலையில் 30-ஐ மட்டும் மிச்சத்தோடு எடை போட்டுப் பெருக்குங்கள். தண்ணீர் பாட்டிலை எடை போட வேண்டாம், எண்ணுங்கள். பாதி குடித்துவிட்டு வைத்த பாட்டில் எத்தனை என்பதையும் எண்ணுங்கள், கல்யாண வீட்டாரே அந்த எண்ணைக் கேட்டு வாங்குவார்கள்.

எங்க தெருவுல விற்பனைக்குப் பலகாரம் போடுற வீடு இருக்கு. அதைச் சேக்கலாமா?

வீட்டுக் குப்பைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. தேன்குழலும் மணகோலமும் கடைக்குப் போட்டுக் கொடுக்கும் வீட்டில் எண்ணெய் டின்னும் மாவுப் பையும் அட்டைப் பெட்டியும் தொழிலின் குப்பை. வாசலில் இட்லிக் கடை வைத்திருக்கும் வீட்டுக்கும் இதே பதில்.

சரி, தெருக் குப்பையை எப்படி எண்ணுறது?

100 மீட்டர் நீளத்தை டேப்பால் அளந்து, தொடக்கத்தையும் முடிவையும் அசையாத பொருளால் அடையாளம் வையுங்கள்: மின்கம்பத்து எண், குழாயடி, கோயில் சுவர். இரண்டு ஓரத்திலும் 2 மீட்டர் அகலம். இரண்டு பேர் நடந்து சொல்ல, ஒருவர் எழுத வேண்டும். முதல் நாள் எண்ணி முழுக்க அள்ளிவிடுங்கள். அது எப்போதிருந்தோ சேர்ந்தது. சரியாக 7 நாள் கழித்து அதே நேரத்தில் போய் எண்ணுங்கள், அதுதான் ஒரு வாரத்துக் குப்பை. நடுவில் யாராவது கூட்டிவிட்டால் அந்த வாரக் கணக்கு செல்லாது. மேலே சொன்னபடி தூய்மைப் பணியாளரிடம் முன்பே பேச வேண்டியதற்கு இன்னொரு காரணம் இது.

டீக்கடை, டாஸ்மாக், பள்ளி வாசல், பேருந்து நிறுத்தம் எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று ஒரு வரைபடமும் போடுங்கள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடைப்பயணம் போகும் நாள்களில் அந்தச் சாலையோரம் எண்ணினால் வருவது உங்கள் ஊர்க் குப்பை அல்ல.

கிழிஞ்சு துண்டு துண்டா கிடக்கே, ஒவ்வொண்ணையும் எண்ணணுமா?

ஒரு விதி வைத்துக்கொண்டு கடைசிவரை மாற்றாதீர்கள். இரண்டரை சென்டிமீட்டருக்குச் சிறியதை எண்ண வேண்டாம். ஒரே பொருளின் துண்டுகள் பக்கத்தில் கிடந்தால் ஒன்று. பால் கவரின் மூலைத் துணுக்கு, ஷாம்பு சாஷேயின் கிழித்த நுனி, பீடி சிகரெட் துண்டு ஆகிய மூன்றும் சிறியவைதான், என்றாலும் மலைபோல வரும். அவற்றை ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் ஐந்து போட்டு அதற்குள் மட்டும் தனியாக எண்ணுங்கள்.

ஊரணிக்குள்ள கிடக்கிறதையும் எடுக்கலாமா?

கூடாது. படியில் பாசி வழுக்கும், ஆழம் தெரியாது. கரையையும் வரத்துக்காலையும் மட்டும் எடுங்கள். உண்மையில் வரத்துக்கால்தான் அதிகம் சொல்லும். மழைநீரைத் தெருக்களிலிருந்து ஊரணிக்குக் கொண்டுபோக வெட்டிய கால்வாய் அது, தெருவில் போட்டதெல்லாம் அதன் வழியே ஊரணிக்குள் இறங்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பர் கடைசியில் ஒருமுறை எண்ணுங்கள். ஐப்பசியில் முதல் பெருமழை வடிந்த பிறகு, பெரியவர் துணையோடு, வரத்துக்காலின் வாயில் தேங்கியதை இன்னொரு முறை எண்ணுங்கள். சீமைக்கருவேல் புதருக்குள் கையை விடாதீர்கள். பாம்பும் தேளும் குப்பைக்கடியில்தான் ஒதுங்கும்.

கொளுத்திட்டாங்க, சாம்பல்தான் இருக்கு. இப்ப என்ன எண்ணுறது?

எரித்த இடங்களை எண்ணுங்கள். கரிந்த வட்டம் எத்தனை, அகலம் எவ்வளவு, உள்ளே தெரிவது என்ன (உருகிய பிளாஸ்டிக், கம்பி, அலுமினியத் தாள்) என்று எழுதி வரைபடத்தில் குறியுங்கள். வீடுகளில், முன்பு சொன்ன நான்கு கேள்வியோடு "போன வாரம் எத்தனை முறை கொளுத்தினீர்கள்" என்றும் கேளுங்கள். பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் குறைந்த வெப்பத்தில் எரித்தால் டையாக்சின் போன்ற நச்சுப் பொருள்கள் வரும். அதனால் சோதனைக்காகக்கூட எரித்துப் பார்க்க வேண்டாம்.

பேப்பர் கப் காகிதமா பிளாஸ்டிக்கா?

இரண்டும்தான். கப்பைக் கிழித்து இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காலையில் காகிதத்தைத் தேய்த்து உரித்தால், உள்பக்கத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தோல் தனியாக வரும். அறிக்கையோடு அதை ஒட்டி வையுங்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பொருள்களில் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்பும் தட்டும் உண்டு. துணி மாதிரி இருக்கும் நெய்யாத பையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, அது பாலிபுரோப்பிலீன். துணி என்று எழுதிவிடாதீர்கள். கப்பைத் தனி வகையாக எண்ணினால் இந்தச் சிக்கல் வராது.

எடையில பிளாஸ்டிக் 6 சதவீதம்தான் வருது, தெருவுல எண்ணினா 65 சதவீதம். எது சரி?

இரண்டும் சரி. முதல் பதிலில் சொன்ன வேறுபாடுதான் இங்கே எண்ணாக வந்து நிற்கிறது. ஒன்று வீடு, மற்றது தெரு. ஒன்று எடை, மற்றது எண்ணிக்கை. இவற்றை ஒரே வட்ட வரைபடத்தில் போட்டால் நடுவர் முதலில் கேட்பது அதைத்தான். வீட்டுப் பிளாஸ்டிக்கை 20 லிட்டர் வாளியில் அமுக்காமல் நிரப்பி எத்தனை வாளி என்றும் எழுதுங்கள். எடையில் சிறியது இடத்தில் எவ்வளவு பெரியது என்று தெரியும். குப்பை வண்டி ஏன் சீக்கிரம் நிரம்புகிறது என்பதற்கும் விடை அதில் இருக்கிறது.

யாரு போட்டாங்கன்னு கண்டுபிடிக்க முடியுமா? பேரோட எழுதலாமா?

முடியாது, எழுதவும் கூடாது. டீக்கடைக்கு 20 மீட்டருக்குள் கப் அதிகம் என்று எழுதலாம், அது அளந்தது. கடைக்காரர் போட்டார் என்று எழுத முடியாது, அது ஊகம். புகைப்படத்தில் ஆள் முகமும் வீட்டு முகப்பும் தெரியக் கூடாது. இந்த ஊரில் முகப்பைப் பார்த்தாலே வீடு யாருடையது என்று சொல்லிவிடுவார்கள்.

ஆய்வு முடிஞ்சதும் யாருகிட்ட கொடுக்கணும்?

குப்பை கொடுத்த வீடுகளுக்கு முதலில். அந்த வீட்டின் எண்ணும் தெருவின் இடைநிலை அளவும் மட்டும் இருக்கும் ஒரு சீட்டு போதும். கிராமமானால் கிராம சபையில் வைக்கலாம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தலைவரிடம் முன்கூட்டியே சொல்லி ஐந்து நிமிடம் கேளுங்கள். "விழிப்புணர்வு வேண்டும்" என்று முடிக்காமல் ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள், உதாரணத்துக்கு, பின்தெருவில் இந்தக் கம்பத்தடியில் வாரம் இத்தனை துண்டு சேர்கிறது, வண்டி இந்த வழியாகவும் ஒருமுறை வரட்டும் என்று. வர ஆரம்பித்தால் நான்கு வாரம் கழித்து அதே 100 மீட்டரை, அதே விதிப்படி, அதே கிழமையில் மறுபடி எண்ணுங்கள்.